மியூவோன் தந்த நியூத்திரினோக் கற்றை: ஓர் ஆய்வுரை பற்றிய மதிப்பீடு

பேர்மி ஆய்வுகூடத்து அறிஞர் ஸ்டீவ் கீர் 1998இல் 'பிசிக்கல் ரிவியூ' ஏட்டில் வெளியிட்ட கட்டுரை, மியூவோன் மோதுகருவி பற்றிய சிந்தனையை நியூத்திரினோ ஆய்வின் பக்கம் திருப்பிற்று. ஓய்விலுள்ள மியூவோனின் சராசரி ஆயுள் 2.2 மைக்கிரோசெக்கன், வேகத்தால் அது நீளுமாயினும் அழிவு உறுதி. மோதலை வேண்டுவோர்க்கு அவ்வழிவு இடர். கீருக்கோ அதுவே பயன். எண்ணம் முற்றிலும் புதிதன்று. எனினும் அதனை எண்களால் நிறுவிய சிறப்பு அவருடையது.

பையோன்கள் தரும் கற்றையில் எந்நியூத்திரினோ எவ்வளவு என்பதைத் துல்லியமாக அறிதல் அரிது. மியூவோனின் அழிவோ கணக்குக்கு முற்றும் அடங்கியது. நேர்மியூவோன்கள் சுழலும் வளையத்தின் நேர்கோட்டுப் பகுதியிலிருந்து இலத்திரன் நியூத்திரினோவும் மியூவோன் எதிர்நியூத்திரினோவும் சம எண்ணிக்கையிற் புறப்படும். பின்னது காந்தமூட்டிய உணர்கருவியில் நேர்மியூவோனையே பிறப்பிக்கும். ஆங்கு மறைமியூவோன் தோன்றுமாயின், இலத்திரன் நியூத்திரினோ வழியில் இனம் மாறிற்று என்பது தெளிவு. இதனினும் தூய சான்று வேறு யாது?

பூமியின் மறுபக்கத்து உணர்கருவியிலும் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான நிகழ்ச்சிகள் கிட்டலாம் என்கிறார் கீர். ஆனால், செறிந்த மியூவோன் மூலம் கைவரும் என்பதை அவர் எடுகோளாகக் கொண்டே கணக்கிடுகிறார். சிதறிப் பிறக்கும் மியூவோன்களை அழியுமுன் ஒடுக்கிச் சேர்க்கும் 'குளிர்த்தல்' முறை, இங்கிலாந்தின் மைஸ் பரிசோதனையால் 2020இலேயே மெய்ப்பிக்கப்பட்டது, அதுவும் ஒவ்வொன்றாகச் சென்ற மியூவோன்களில், செறிந்த கற்றையிலன்று.

மற்றொன்று காலம் செய்தது. நியூத்திரினோக்களின் மூன்றாம் கலப்புக்கோணம் மிகச் சிறிதாயின் மியூவோன் கற்றையன்றி வேறு துணை இல்லை என்பது பின்வந்தோர் வாதம். 2012இல் சீனாவின் தயா பே பரிசோதனை அதனை ஏறக்குறைய 9 பாகை என அளந்தது. அமெரிக்காவின் டியூனும் யப்பானின் ஹைப்பர்-காமியோகாண்டேயும் பழைய பையோன் வழியையே தேர்ந்தன.

ஆகவே தொலைநோக்கிய பகுதியினும் அண்மைநோக்கிய பயனே இன்று வலியதென்பது எம் கருத்து. 10 இலட்சம் கோடி இலத்திரன் உவோற்றுச் சக்தியுள்ள மோதுகருவியில், வேண்டினும் வேண்டாவிடினும் நியூத்திரினோக் கற்றை எழும். மோதுகருவி தரும் நியூத்திரினோவை உணரலாம் என்பதை சேர்ண் ஆய்வுகூடத்தின் பேசர் பரிசோதனை 2023இற் காட்டிவிட்டது. வளையத்தருகே சிறியதோர் உணர்கருவியை நிறுத்தின், புரோத்தனின் உள்ளமைப்பை நுணுகி அளக்கலாம். அக்கற்றையே பல கிலோமீற்றர் அப்பால் நிலத்தினின்று வெளிப்படுமிடத்துக் கதிர்வீச்சும் விளைக்கும். சக்தி இருமடங்காயின் அது ஏறக்குறைய எண்மடங்காகும். வளையத்தை எங்கே, எவ்வளவு ஆழத்தில் அமைப்பது என்ற வினாவும் இதனுடன் சேர்ந்தே எழுகின்றது.