அளவுப்பலகையைப் பிடித்திருக்கும் கை: கடலாய்வின் ஒளிப்பட மரபும் மயிலிட்டியும்

யாழ்ப்பாணத்தின் வடகரையிலுள்ள மயிலிட்டித் துறைமுகத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த படங்களை அடுக்கிப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த மக்கள், துறைமுகமும் அதைச் சூழ்ந்த 54 ஏக்கரும் உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து விடுவிக்கப்பட்ட 2017 ஜூலை 3ஆம் திகதி, இடிந்த சுவர்களுக்கு நடுவே நிற்கும் படங்கள் முதல் வகை. புனரமைத்த துறைமுகத்தை 2019 ஆகஸ்டில் அன்றைய பிரதமர் திறந்துவைத்தது போன்ற நாடாவெட்டுப் படங்கள் இரண்டாம் வகை. எல்லை தாண்டிப் பிடிபட்டு, அந்தத் துறையில் கட்டிவைக்கப்பட்ட தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் மூன்றாம் வகை. துயரத்துக்கும் அரசுக்கும் வழக்குக்கும் படம் உண்டு. விடிவதற்கு முன் அங்கே என்ன மீன் இறங்குகிறது, எந்த வலையில் பட்டது, அதை யார் அளந்து எழுதுகிறார் என்பதற்கு மட்டும் படம் அரிது.

இந்தக் குறை மயிலிட்டியோடு நிற்பதில்லை. கடலாய்வைப் படமெடுத்த மரபு முழுவதிலும் இது ஓடுகிறது. பிடிபட்ட உயிரினமும் கப்பலும் வந்துபோன பெரியவர்களும் நன்றாகப் பதிவாகியிருக்க, அறிவைத் திரட்டிய அன்றாட வேலை சட்டகத்துக்கு வெளியே நின்றுவிட்டது. தமிழ்க் கரைகளில் இந்த இழப்பு இருமடங்கு. இங்கே ஆய்வாளரின் கண்ணும் காதுமாக இருந்தவர்கள் சுழியோடிகளும் கடற்றொழிலாளருமே.

தகட்டில் ஏறாத வேலை

கடலாய்வுப் பயணம் ஒன்றில் உத்தியோகபூர்வ ஒளிப்படக்காரர் முறையாக இடம்பெற்றது 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய பிரித்தானியக் கப்பலான சலஞ்சரில். நியூபோல்ட், ஹொட்ஜ்சன், லே என்று ஒருவர் பின் ஒருவராக மூவர் அந்தப் பணியில் இருந்தார்கள். தென்முனைக் கடலின் பனிமலைகள், கரையிறங்கிய தீவுகள், அங்கு வாழ்ந்த மனிதர்கள் எல்லாம் கண்ணாடித் தகடுகளில் பதிவாயின. ஆழ்கடலில் இழுவைக்கூடை இறக்கியதையும் ஆழம் அளந்ததையும் வாசகருக்குக் காட்ட மரச்செதுக்குப் படங்களே கைகொடுத்தன. ஆடும் தளத்தில் அசையும் கைகளைப் பிடிப்பது அக்காலக் கருவிக்கு எளிதன்று. ஆயினும் கருவி வேகம் பெற்ற பின்னரும் அந்தப் பழக்கம் முற்றாக விட்டுப்போகவில்லை.

கடலடி ஒளிப்படம் பிறந்ததே ஒரு கடல் ஆய்வுகூடத்தில்தான். பிரான்சின் பன்யூல்சில் உள்ள அராகோ ஆய்வுகூடத்தில் லூயி புத்தான் 1893இல் நீர்புகாப் பெட்டிக்குள் கமராவை வைத்துப் படமெடுத்தார். 1940களில் அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் நிறுவனத்தில் மொரிஸ் யூவிங்கும் சகாக்களும் ஆளில்லாக் கமராக்களைக் கடலின் அடிக்கு இறக்கினார்கள். பின்னர் வூட்ஸ் ஹோல், ஸ்கிரிப்ஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் தமக்கென ஒளிப்படக்காரரை வைத்துக்கொண்டன. வின்ச் ஓட்டுபவர், சமையலறைக்காரர், இரவுக் காவலில் கருவியைப் பார்த்திருக்கும் மாணவர் எனக் கப்பல் வாழ்க்கை அங்கே ஓரளவு ஆவணமாயிற்று. வசதியுள்ள நிறுவனத்துக்கே தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் கண் வாய்த்தது.

மன்னார்க் குடாவின் விதிவிலக்கு

நம் பக்கக் கதை 1902 ஜனவரியில் தொடங்குகிறது. முத்துச்சிப்பிப் படுகைகள் ஏன் திடீரென வெறுமையாகின்றன என்று ஆராய லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன் இலங்கைக்கு வந்தார். உதவியாளராக வந்த ஜேம்ஸ் ஹோர்னெல் இங்கேயே தங்கி வேலையைத் தொடர்ந்தார். ஐந்து பாகங்களாக 1903 முதல் 1906 வரை வெளியான அறிக்கையைப் புரட்டினால் சிப்பியின் உடற்கூறும் ஒட்டுண்ணியின் உருவமும் நுணுக்கமாக வரையப்பட்டிருக்கக் காணலாம். படுகையின் நிலையைக் கீழே போய்ப் பார்த்து வந்து சொன்ன சுழியோடிகளோ, பெயரின்றிக் கூட்டமாகவே நிற்கிறார்கள்.

ஹோர்னெல் பின்னர் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநரானார். 1914இல் அவர் வெளியிட்ட சங்கு பற்றிய நூல் இந்த மரபில் ஒரு விதிவிலக்கு. தூத்துக்குடிக் கடலில் மூழ்கி எடுத்த சங்கு வங்காளத்துப் பட்டறைக்குப் போய், பிறைவடிவ வாளால் அறுபட்டு வளையலாவது வரை அவர் பின்தொடர்ந்தார். மாதிரியோடு நிற்காமல் கை, கருவி, உட்காரும் முறை ஆகியவற்றையும் கவனித்த கண் அது. கட்டுமரம், வள்ளம் பற்றிய அவருடைய எழுத்துகளை இன்றும் ஆய்வாளர் தேடுவதற்கு இந்தக் கவனமே காரணம்.

அடுத்து வந்த பெரிய வேலையில் அந்தக் கண் இல்லை. 1920களின் தொடக்கத்தில் லில்லா என்ற இழுவைக்கப்பல் தெற்கே வாட்ஜ் மேடையையும் வடக்கே பருத்தித்துறைக்கு அப்பால் விரியும் பீதுருக் கடல்மேடையையும் துழாவியது. வடபகுதிக் கடற்றொழிலாளர் வாழ்வோடு நேரடித் தொடர்புள்ள அந்த ஆய்வு, வாசகர் கைக்கு அட்டவணையாகவும் வரைபடமாகவுமே வந்து சேர்ந்தது.

அளவுக்கு நின்ற மனிதர்

1947 பெப்ரவரி 3ஆம் திகதி தொடங்கிய இந்திய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம், 1949 முதல் 1971இல் கொச்சிக்கு மாறும்வரை மண்டபம் முகாமில் இயங்கியது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளரைத் தடுத்து வைத்துச் சோதித்து அனுப்பிய அதே மண்டபம் முகாம்தான் இது. நிறுவனத்தின் வெளியீடுகள் பெருமளவு இணையக் களஞ்சியத்தில் திறந்து கிடப்பதால், தமிழ்க் கரைகளின் கடலாய்வுப் படங்களைத் தேடுவோருக்கு இதைவிடப் பெரிய சுரங்கம் இல்லை.

அவற்றுள் 1978இல் தொடங்கிய கடல்மீன் தகவல் இதழ் தனித்துச் சொல்லத்தக்கது. எங்கோ ஒரு கிராமத்தில் திமிங்கிலம் கரையொதுங்கும். அம்மணி உழுவை எனப்படும் திமிங்கிலச் சுறா வலையில் சிக்கும். நிறுவனத்தின் களப்பணியாளர் ஓடிப்போய் அளந்து, ஒரு பக்கக் குறிப்பும் கறுப்பு வெள்ளைப் படமும் அனுப்புவார். படத்தில் அந்தப் பெரிய உடலுக்குப் பக்கத்தில் மடித்துக் கட்டிய சாரத்தோடு ஒருவர் நிற்பார். மீனின் பருமன் வாசகருக்கு விளங்க வேண்டும் என்பதற்காக நிறுத்தப்பட்டவர் அவர். குறிப்பில் மீனின் விஞ்ஞானப் பெயர், நீளம், வலையின் வகை, கரையின் பெயர் எல்லாம் இருக்கும். அவர் பெயர் அநேகமாக இராது. மீனை முதலில் கண்டவரும் கரைக்கு இழுத்தவரும் அவராகவே இருக்கலாம். அளவுகோலாகப் பயன்பட்டவர் சாட்சியாகப் பதிவாகவில்லை.

இதற்காகக் களப்பணியாளரைக் குறைசொல்வது நியாயமாகாது. அச்சில் இடம் குறைவு, கேட்கப்பட்ட கேள்வியும் மீனைப் பற்றியது. வழக்கம் அப்படி அமைந்தது என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

படமே தரவான இடம்

ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் 1950களில் இலங்கைக் கடலடியைப் படமெடுத்து உலகுக்குக் காட்டினார்கள். 1957இல் வந்த அவர்களது நூல் பவளப்பாறைகளையும் மூழ்கிய கப்பல்களையும் பொதுவாசகரிடம் கொண்டுசென்றது. அதில் மேலோங்கியது சாகசம். ஒளிப்படமே ஆய்வுத் தரவாக மாறியது திருகோணமலையில். டியூலிப் என்ற பாய்மரப் படகில் 1982 முதல் 1984 வரை ஹால் வைட்ஹெட் தலைமையிலான குழு எண்ணெய்த் திமிங்கிலங்களைத் தொடர்ந்தது. திமிங்கிலம் ஆழத்துக்குப் பாயும்போது வால் நீருக்கு மேலே விரிகிறது. விளிம்பிலுள்ள வெட்டும் தழும்பும் ஒவ்வொன்றுக்கும் வேறுபடுவதால், வாலின் படத்தை வைத்தே இன்னது என்று அடையாளம் காணலாம். எழுத்தில் எவ்வளவு விவரித்தாலும் அந்தப் படத்துக்கு ஈடாகாது. 1983க்குப் பின் போர் விரிய, அந்தக் கடலில் அவ்வேலை நெடுங்காலம் தொடர முடியாமற் போயிற்று.

நோர்வேயின் பிரிட்ஜொவ் நான்சன் கப்பல் 1978 முதல் 1980 வரை இலங்கைக் கடலில் ஒலியலை கொண்டு மீன்வளத்தைக் கணக்கிட்டது. அதே பெயருடைய புதிய கப்பல் 2018இல் மீண்டும் வந்தது. 1981ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நாரா எனப்படும் தேசிய நீரியல் வள ஆராய்ச்சி அபிவிருத்தி நிறுவனமே உள்ளூர்ப் பொறுப்பை ஏற்று நடத்துகிறது. ஆனால் பொதுமக்கள் மனத்தில் பதிந்த ஆய்வுக்கப்பல் படம் எது? 2023 ஒக்டோபரில் கொழும்புக்கு வந்த சீனாவின் ஷி யான் 6 கப்பலின் வெள்ளை உடல். உள்ளே என்ன அளந்தார்கள் என்பதைவிட எந்த நாட்டுக் கொடி என்பதே செய்தியாயிற்று. 2024இல் வெளிநாட்டு ஆய்வுக்கப்பல்களுக்கு ஓராண்டுத் தடையும் வந்தது. வேலையைக் காட்டும் படம் இல்லாத இடத்தைச் சந்தேகம் நிரப்பிக்கொள்கிறது.

விடியற்கால இறங்குதுறை

மயிலிட்டியில் பெரிய ஆய்வுக்கூடம் இல்லாவிட்டாலும் ஆய்வு நடக்கும் இடம் இருக்கிறது. படகிலிருந்து மீன் கரைக்கு வரும் இறங்குதுறையே கடல்மீன் விஞ்ஞானத்தின் முதல் மேசை. மீனின் நீளம் பார்ப்பது எப்படி என்று சற்றுக் கிட்ட நின்று கவனிக்கலாம். அளவுப்பலகையின் ஒரு முனையில் நிமிர்ந்த கட்டை இருக்கும். வாயை மூடி, மூக்கு அதில் முட்டும்படி மீனைக் கிடத்த வேண்டும். சூரைக்கு வாலின் கவடுவரை எண்ணுவார்கள், சுறாவுக்கு வால்நுனிவரை. ஒருவர் சொல்ல மற்றவர் எழுதுவார். ஈரத்தில் மை கரையும் என்பதால் பென்சில். ஏலம் கூறி முடிந்தால் மீன் பெட்டிக்குள் போய்விடும், அதற்கு முன் அளந்தாக வேண்டும். வயதறியச் செவிக்கல்லை எடுக்கத் தலையை வெட்ட விடும் வியாபாரி அரிது. மர வளையம்போல அந்தக் கல்லில் வளர்ச்சிக் கோடுகள் படிந்திருக்கும்.

மீனைப் படமெடுக்கவும் விஞ்ஞானிகளுக்குத் திட்டமான முறை உண்டு. ஜோன் ராண்டல் 1961இல் எழுதி வைத்தபடி, செட்டைகளை ஊசியால் விரித்துக் குத்தி, ஃபோமலின் தடவி விறைக்கச் செய்து எடுப்பார்கள். தலை இடப்பக்கம் பார்க்க வேண்டும் என்பது பொது வழக்கம். உயிரற்ற மீனுக்கு இவ்வளவு ஒழுங்கு வகுத்த துறை, அளக்கும் மனிதரையும் பிடித்து வந்தவரையும் எப்படிப் பதிவுசெய்வது என்பதற்கும் ஓர் ஒழுங்கு வகுக்கலாம்.

மயிலிட்டிக்கு இது அவசரமும்கூட. நாட்டின் முதன்மையான மீன்துறைகளில் ஒன்றாக இருந்த இடம் 27 ஆண்டுகள் மூடிக்கிடந்தது. அங்கே மீன் இறங்கவில்லை, ஆகவே கணக்கும் இல்லை. 1990க்கு முந்திய நிலையை அறியப் பழைய குடும்பப் படங்களும் உதவும். கல்யாணப் படத்தின் பின்புறத்தில் தெரியும் மூன்றரைத் தொன் படகு, வாடி முற்றத்தில் காயும் வலை, தூக்கிப் பிடித்த மீனின் பருமன் எல்லாம் தடயங்கள். இவை இப்போது ரொறன்ரோவிலோ பாரிசிலோ யாரோ ஒருவரின் அலுமாரியில் இருக்கலாம். 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமமாக்கிவரும் நூலகம் நிறுவனம் போன்ற அமைப்புகளும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கடற்றொழில் விஞ்ஞானம் பயிலும் மாணவரும் சேர்ந்தால், இவற்றைத் திரட்டுவது பெரும் செலவுள்ள காரியமன்று.

புதிதாக எடுப்போர் கேட்டு எழுத வேண்டியவை சில: திகதி, துறை, வலை, அதன் கண்ணளவு, மீனின் ஊர்ப்பெயர், படத்தில் இருப்பவரின் பெயர். பெயரைப் போடுவதற்கு அவருடைய சம்மதமும் வேண்டும். வழக்கும் கைதும் நிறைந்த கடலில் ஒரு முகம் தவறான கோப்புக்குள் போய்ச் சேர்வது எளிது. சம்மதம் கிடையாவிட்டால் கையை மட்டும் எடுக்கலாம், தொழில் கையில்தான் இருக்கிறது. இந்த விவரங்களோடு எடுத்த சாதாரணக் கைபேசிப் படம், இன்னும் 30 ஆண்டுகள் கழித்து அந்தக் கடலில் என்ன குறைந்தது என்று கேட்பவருக்குப் பதில் சொல்லும். விவரமில்லாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எந்தக் கரை என்றுகூடச் சொல்லாது.