விதியே இல்லாத ஆட்டத்துக்குச் சீட்டுக்கட்டு

பிபிசி ரேடியோ 4-இல் 1972 முதல் வரும் 'ஐயம் சாரி ஐ ஹேவன்ட் எ க்ளூ' என்ற நகைச்சுவை நிகழ்ச்சியில் மார்னிங்டன் க்ரெசன்ட் என்றொரு ஆட்டம் உண்டு. நாலு பேர் மாற்றி மாற்றி லண்டன் தெருக்கள், ரயில் நிலையங்களின் பெயரைச் சொல்வார்கள். மார்னிங்டன் க்ரெசன்ட் என்று முதலில் சொல்பவருக்கு வெற்றி. (அது நார்தர்ன் லைனில் இருக்கிற நிஜ ஸ்டேஷன்தான்.) விதிகள்? ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் ஏதோ பெரிய சாஸ்திரமே இருப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, இது செல்லும், அது செல்லாது என்று வாதாடுவார்கள்.

இதைச் சீட்டாட்டமாக்கலாமே என்று எனக்கும் ஆசை வந்தது. சீட்டுக்கு ஒரு ஸ்டேஷன், அதன்கீழ் ஒரு விதி என்று எழுதி, நண்பர்களுக்குப் போட்டுக் கொடுத்தேன். பத்தே நிமிஷத்தில் ஆட்டம் செத்துப்போச்சு.

யோசித்தால் காரணம் தெரிகிறது. வாயால் ஆடும்போது ஜெயிக்கிற வார்த்தை ஆரம்பத்திலிருந்தே எல்லோரிடமும் இருக்கிறது. முதல் வாயிலேயே சொல்லிவிடலாம். சொல்லாமல் இழுப்பதில்தான் சுவாரஸ்யம். சீட்டில் அது ஒருத்தர் கையில் மாட்டுகிறது. வந்ததும் இறக்குகிறார், முடிஞ்சது. அடக்கம் இருந்த இடத்தில் அதிர்ஷ்டம் வந்து உட்கார்ந்துவிட்டது.

'ஃப்ளக்ஸ்' இருக்கிறதே என்பீர்கள். ஆண்ட்ரூ லூனி உருவாக்கி 1997-இல் வெளிவந்தது. ஒரு சீட்டு எடு, ஒன்றை இறக்கு என்று தொடங்கும்; பிறகு விதிச் சீட்டு விழ விழ எல்லாம் மாறும். நல்ல ஆட்டம்தான், எனக்குப் பிடிக்கும். ஆனால் அதில் விதியை மாற்றுகிறோமே தவிர, உண்டாக்குவதில்லை. கற்பனை முழுக்க அச்சகத்துக்கு முன்னாலேயே செலவாகிவிடுகிறது. நமக்கு மிஞ்சுவது கலைத்துப் போடும் வேலை.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநில மேடிசன் நகரில் 1990-களில் பிறந்த 'ஆயிரம் வெற்றுச் சீட்டுகள்' இதைவிட நெருங்கி வருகிறது. வெறும் வெள்ளை அட்டை. ஆடுகிறவர்களே எழுதி, வரைந்து, விளையாடுகிறார்கள். ஆட்டம் முடிந்தபின் எந்தச் சீட்டை வைத்துக்கொள்ளலாம் என்று கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தக் கடைசிக் கட்டம்தான். ஒரு விதி நல்ல விதியா என்பதை மேசையைச் சுற்றி இருப்பவர்கள்தானே சொல்லவேண்டும்?

அதனால் என் கட்டைத் திருத்தினேன். சீட்டில் ஸ்டேஷன் பெயர் மட்டும், வேறு ஒரு எழுத்து கிடையாது. மார்னிங்டன் க்ரெசன்ட் சீட்டு ஆளுக்கொன்று, முதலிலேயே கொடுத்தாச்சு. எதை இறக்கினாலும் ஏன் செல்லும் என்று சொல்லவேண்டும். மறுப்பவர் அதற்கு ஒரு விதியைக் காட்டவேண்டும். ஒருத்தன் எடுத்த எடுப்பில் ஜெயிக்கிற சீட்டைப் போட்டான். யாரும் திட்டவில்லை. பக்கத்தில் இருந்தவள் அமைதியாக, "அமாவாசைக்கு அது செல்லாது" என்றாள். அவன் எடுத்துக்கொண்டான். அன்றைக்கு அமாவாசையா என்று யாரும் பார்க்கவில்லை.

அதன்பிறகு ஒன்றரை மணி நேரம் ஆடினோம். நடுவில் வந்து சேர்ந்தவர் ரூல் புக் எங்கே என்று கேட்டார். தொலைஞ்சுபோச்சு என்றோம். "பழைய பதிப்பா, புதுசா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார்.