ஆறுதலின் அவசரம்

1990 ஓகஸ்ட் 15, மரியன்னையின் விண்ணேற்புத் திருநாள். அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட அமெரிக்க இயேசுசபைக் குரு யூஜின் ஹேபியரும் அவரோடு வந்த இளைஞரும் ஊர் வந்து சேரவில்லை. இருவருக்கும் இன்றுவரை கல்லறை இல்லை. போரில் பிள்ளையைத் தொலைத்த தாய்மாருக்கு ஆறுதல் சொல்லிவந்த திருச்சபை, அன்றோடு தானும் காணாமற்போனோர் குடும்பமாயிற்று. உளவியலும் கிறிஸ்தவ விசுவாசமும் எங்கே இணைகின்றன, எங்கே முட்டிக்கொள்கின்றன என்று இந்த மட்டக்களப்பு வாவிக்கரையில் கேட்பவர் இங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

ஐரோப்பாவில் இது வேறு கேள்வியாக இருந்தது. சமயம் ஆசையிலிருந்து பிறந்த மாயை என்று 1927இல் சிக்மண்ட் பிராய்ட் எழுதினார். அவருடைய நண்பரான சுவிஸ் போதகர் ஒஸ்கார் பிஃபிஸ்டர் மறுத்து எழுதினார். மட்டக்களப்பில் அந்த வாதத்துக்கு யாருக்கும் நேரமிருக்கவில்லை. மகன் உயிரோடிருக்கிறானா என்று தெரியாத தாயுடன் எப்படிப் பேசுவது? இங்கு கேள்வி அதுதான்.

அதற்குக் கிடைத்த மிகச் சிறந்த பதில் என்று நான் கருதுவது, 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா. உளவளத்துணையில் தேர்ந்த இயேசுசபைக் குரு போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் சேர்ந்து உருவாக்கியது. காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலையும் சத்துருக்கொண்டான் படுகொலையும் நடந்து ஆறே ஆண்டுகள். அந்த வடு ஆறாத வேளையில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே முற்றத்தில் களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டினார்கள், நாடகம் போட்டார்கள். 'உனக்கு என்ன நடந்தது?' என்ற விசாரணையிலிருந்து எதுவும் தொடங்கவில்லை. பிள்ளை தன் கதையைத் தன் வேளையில், வேண்டுமானால் ஒரு களிமண் மிருகத்தின் வாயால் சொல்லலாம். விசுவாசம் அங்கே போதனையாக வரவில்லை. காத்திருக்கும் பொறுமையாக வந்தது.

ஒரு குருவால் இது முடிந்ததற்குக் காரணம் உண்டு. மனநல மருத்துவரிடம் போனால் 'விசர்' என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். பங்குத்தந்தையிடம் போனால் ஒட்டாது. அதைவிடப் பெரியது பாவசங்கீர்த்தனத்தின் இரகசியம். ஒரு சொல் வெளியே போனால் ஓர் உயிர் போகக்கூடிய காலத்தில், பாவசங்கீர்த்தனத் தட்டிக்குப் பின்னால் சொன்னது அங்கேயே நின்றுவிடும் என்று சனம் நம்பியது. எந்தப் பயிற்சிப் பட்டறையும் இந்த நம்பிக்கையை ஒரு நாளில் உண்டாக்கிவிடாது.

ஆனால் ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. 'அண்டைக்கு நான் அவனைக் கடைக்கு அனுப்பாமல் விட்டிருந்தால்...' என்று ஒரு தாய் தட்டிக்குப் பின்னால் அழுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தப்பிப் பிழைத்தவரைக் குற்றவுணர்வு தின்னும் என்பது உளவியல் அறிந்த செய்தி. அதை அறியாத குரு அவளுக்குப் பாவமன்னிப்பு வழங்கினால், செய்யாத குற்றத்தைச் செய்ததாக அவள் உறுதிசெய்துகொண்டு வீட்டுக்குப் போவாள். குணமாக்கல் கூட்டங்களில் இது இன்னும் முரட்டுத்தனமாக நிகழ்கிறது. மனச்சோர்வை விசுவாசக் குறைவு என்கிறார்கள், மனச்சிதைவைப் பிசாசு என்கிறார்கள். குளிசையை நிறுத்துவது விசுவாசத்தின் அடையாளமாகிவிடுகிறது. இது விசுவாசமே அல்ல என்று சபைகள் மேடையிலேயே சொல்லவேண்டும்.

மன்னிப்பும் அப்படித்தான். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பல குழந்தைகள் இறந்தார்கள். அப்படிப்பட்ட இழப்பின் முன்னும் மன்னிப்பு கிறிஸ்தவத்தின் மிக உயர்ந்த சொல். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒரு சபைக்காகச் சேர்த்துச் சொல்லப்படும் மன்னிப்பு, இன்னும் மன்னிக்க முடியாத தாயை இரட்டிப்பாகத் தனிமைப்படுத்தும். கோபத்தையும் கடவுளிடம் கொண்டுபோகலாம் என்று திருப்பாடல்கள் பல சாட்சி சொல்கின்றன. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவனோடு தரையில் இருந்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் பிழைவிட்டார்கள்.

உளவியலும் அதே பிழையை விட்டது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு வினாக்கொத்துகளோடும் குறுங்காலப் பயிற்சியோடும் பலர் கரையோரத்துக்கு வந்தார்கள். பேரிடர் நடந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேசவைப்பது பின்னாளைய நோயைத் தடுக்காது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் 1980இல் இடம்பெற்ற நெருக்கீட்டு நோயின் ஆங்கிலப் பெயரிலேயே 'பின்' (post) என்ற சொல் இருக்கிறது. இங்கோ அப்போது போர் முடிந்திருக்கவில்லை. சனம் பேசிய மொழியும் வேறு: நெஞ்சு பாரம், பெருமூச்சு, யோசினை. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் தனிமனிதரோடு நில்லாமல் சமூகமே காயப்பட்டிருக்கிறது என்று வாதிட்டது இதனால்தான். சனம் ஆறுதல் தேடிய இடமும் வேறு: அம்மன் கோயில்களில் தெய்வமாடுவோரிடம் வாக்குக் கேட்கப்போன தாய்மாரை மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் பதிவுசெய்திருக்கிறார். அந்த வாக்கிலும் ஒரு துணை இருந்தது என்பதைக் கிறிஸ்தவர்களாகிய நாங்கள் ஒப்புக்கொள்ளவேண்டும்.

உளவியலிடமிருந்து திருச்சபை கட்டாயம் பெறவேண்டியது ஒன்று இருக்கிறது. இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாத இழப்புக்கு அமெரிக்க உளவியலாளர் போலின் பொஸ் தனி இலக்கணம் எழுதினார்: அதற்கு முடிவுரை எழுதும்படி குடும்பத்தை நெருக்கக் கூடாது. இலங்கைச் சட்டம்கூட 2016இல் மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணாமற்போயிருப்பதை மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழுக்கு வழிவிட்டது. வழிபாட்டில் அந்த நிலைக்கு இன்னும் இடமில்லை. நவம்பர் 2ஆம் திகதி, இறந்த விசுவாசிகள் நினைவுநாளில், சேமக்காலையில் எல்லாரும் தங்கள் தங்கள் உறவினரின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றும்போது காணாமற்போனோரின் தாய்மார் எங்கே நிற்பார்கள்? மகனின் பெயரை இறந்தோர் பட்டியலில் வாசிப்பதா, உயிரோடிருப்போருக்கான மன்றாட்டில் வாசிப்பதா, இவ்வாண்டு வாசிக்காமலே விடுவதா என்று பங்குத்தந்தை முதலில் அந்தத் தாயிடம் போய்க் கேட்கட்டும். அடுத்த ஆண்டும் கேட்கட்டும்.