கொலஸ்ட்ராலும் கொழுப்பும்
நலவாழ்வுக் கட்டுரைகளின் சொல்லாட்சி பற்றிய ஒரு திறனாய்வு

சொல் தவறினால் பொருள் தவறும். பொருள் தவறினால் செயல் தவறும். கதையிலும் கவிதையிலும் ஒரு சொல் தவறி விழுந்தால், அதனால் வரும் கேடு அந்நூலின் அழகு குன்றுவதோடு நின்றுவிடும். மருத்துவம் பற்றிய எழுத்தில் தவறும் சொல்லோ, அதனைப் படித்து நம்பியவரின் உடம்பில் போய் விளைகின்றது. ஆதலின், தமிழ் ஏடுகளில் வரும் நலவாழ்வுக் கட்டுரைகளையும் மொழி வல்லார் திறனாய்வுக்கு உட்படுத்துதல் கடனாகும்.

2019ஆம் ஆண்டில் மலேசியாவில் நடத்தப்பெற்ற தேசிய உடல்நல ஆய்வு, பெரியவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேருக்கு இரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிகுந்திருந்ததாகக் காட்டிற்று. அவர்களுள் பலர் அதனை அறியாமலே இருந்தனர். இத்துணைப் பேரைப் பற்றிய ஒரு பொருளைத் தமிழில் எழுதுவோர் மூன்று சொற்களை ஆராயாமல் ஆண்டு வருகின்றனர். ஒன்று, ‘கொழுப்பு’, மற்றொன்று, ‘நல்லது, கெட்டது’ என்னும் அடைமொழி, மூன்றாவது, ‘கரைத்தல்’ என்னும் வினை.

முதற்கண் ‘கொழுப்பு’ என்பதனைக் காண்போர், அது கொலஸ்ட்ராலுக்குப் பெயராகாது என்பதை எளிதில் உணர்வர். நெய்யையோ எண்ணெயையோ காரத்தோடு சேர்த்துக் காய்ச்சினால் சவர்க்காரம் உண்டாகும். பித்தப்பைக் கற்களிலிருந்து கிடைத்த மெழுகு போன்ற பொருளொன்று அவ்வாறு சவர்க்காரமாகவில்லை. பிரெஞ்சு வேதியியலார் மிஷேல் செவ்ரூல் இவ்வேறுபாட்டைக் கண்டு, பித்தம், திண்மை எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, 1816ஆம் ஆண்டில் அதற்குத் தனிப்பெயர் சூட்டினார். கொழுப்பினின்று பிரித்துக் காட்டுவதற்கென்றே பிறந்த பெயரை மீண்டும் ‘கொழுப்பு’ என மொழிபெயர்ப்பது, பிரித்ததைக் கலக்கும் வேலையன்றோ?

கொழுப்பு உடம்புக்கு எரிபொருள். கொலஸ்ட்ரால் எரிபொருளன்று. உயிரணுவின் புறச்சவ்வுக்கும், பித்த நீருக்கும், சில சுரப்பு நீர்களுக்கும் அது வேண்டப்படுவது. உடம்புக்கு வேண்டியதில் பெரும்பகுதியை உடம்பே ஆக்கிக்கொள்கின்றது. அவ்வேலையில் கல்லீரலுக்குப் பெரும் பங்குண்டு. எனவே மெலிந்த உடம்பினருக்கும் அது மிகுந்திருக்கலாம். பிறப்புவழியே மிகுந்து வரும் குடும்பங்களும் உண்டு. ஆனால் ‘கொழுப்பு’ என்றவுடன் படிப்பவர் மனக்கண்ணில் தோன்றுவது பருத்த உடம்பே. “எலும்பும் தோலுமாய் இருப்பவனுக்கு ஏது கொழுப்பு?” என்று சோதனையைத் தட்டிக்கழிக்க அச்சொல்லே வழி செய்கின்றது. போதாக்குறைக்கு, திமிர் என்னும் பொருளும் அதற்குப் பேச்சு வழக்கில் உண்டு. தமக்குக் கொழுப்பு மிகுதி என்று வீட்டில் சொல்லக் கூசும் முதியவரைக் குறை கூற இயலாது.

கடைத்தெருவிலும் இக்குழப்பம் தொடர்கின்றது. செம்பனை எண்ணெய்ப் புட்டியில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று அச்சிட்டிருப்பது மெய்யே. தாவரப் பொருள்களில் அது இல்லையென்றே கூறலாம். ஆயினும் செம்பனை எண்ணெயில் ஏறத்தாழப் பாதியும், தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கும் நிறைகொழுப்பாகும். நிறைகொழுப்பு மிகுந்தால், இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலைக் கல்லீரல் வாங்கிக்கொள்ளும் ஆற்றல் குறையும்; இரத்தத்தில் அதன் அளவு ஏறும். இரண்டும் ஒன்றே எனப் படித்தவர், ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்பதைக் ‘கொழுப்பு இல்லை’ என்று வாசித்து, அவ்வெண்ணெயில் தாராளமாகப் பொரித்து உண்கின்றார். மெய்யான வாசகம் பொய்யான முடிபைத் தருகின்றது. பிழை புட்டியில் இல்லை. தமிழில் இரு பொருளுக்கு ஒரு சொல்லை வைத்ததில் உள்ளது.

அடுத்து, ‘நல்ல கொழுப்பு, கெட்ட கொழுப்பு’ என்னும் பாகுபாடு. கொலஸ்ட்ரால் நீரில் கரையாது. ஆதலின் இரத்தத்தில் அதனைச் சுமந்து செல்லும் துகள்கள் வேண்டும். எல்.டி.எல்., எச்.டி.எல். என்பன அத்தகைய ஊர்திகளின் பெயர்களே. இரண்டிலும் ஏறிச் செல்லும் கொலஸ்ட்ரால் ஒன்றே. எல்.டி.எல். மிகுந்தால் அது இரத்தக் குழாயின் சுவருக்குள் புகுந்து தங்கி, நாளடைவில் படிவை உண்டாக்குகின்றது. அப்படிவு வெடித்து, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து வழியை அடைக்கும்போது மாரடைப்பு நேர்கின்றது. ‘கெட்டது’ என்னும் சொல்லில் ஓரளவு உண்மை உண்டு. ‘நல்லது’ என்பதோ, ‘மிகுந்தால் மேலும் நல்லது’ என்னும் மயக்கத்தை ஊட்டுகின்றது. எச்.டி.எல். அளவை நன்கு உயர்த்திக் காட்டிய டோர்செட்ராபிப் என்னும் மருந்தின் ஆய்வு, அதனை உட்கொண்டோரிடையே இறப்பு மிகுந்தமையால் 2006ஆம் ஆண்டில் நிறுத்தப்பெற்றது. அடைமொழியை நம்பி அளவை உயர்த்துவதே நலம் என்பார்க்கு இஃதோர் எச்சரிக்கை.

மூன்றிலும் கேடு மிகுந்தது ‘கரைத்தல்’ என்னும் வினை. பூண்டு கரைக்கும், வெந்நீர் கரைக்கும், மாத்திரை கரைக்கும் என்று எழுதாத பக்கம் அரிது. ஸ்டாட்டின் வகை மாத்திரை எதனையும் கரைப்பதில்லை. ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ 1970களின் தொடக்கத்தில் பூஞ்சைக் காளானொன்றிலிருந்து இவ்வகையின் முதற்பொருளைக் கண்டார். 1987ஆம் ஆண்டில் லோவாஸ்டாட்டின் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இம்மருந்து கல்லீரல் கொலஸ்ட்ரால் ஆக்குவதைத் தடுக்கின்றது. தனக்கு வேண்டியது குறையவே, கல்லீரல் இரத்தத்திலுள்ள எல்.டி.எல். துகள்களை மிகுதியாக வாங்கிக்கொள்கின்றது. மருந்து உள்ளவரை இத்தடை உண்டு. மருந்தை நிறுத்தினால் அளவு பழைய நிலைக்கே ஏறும்.

இங்கேதான் சொல் செயலாக மாறுகின்றது. கரைத்தல் ஒருமுறை நிகழ்ந்து முடியும் வினை. உப்பு கரைந்தால் கரைந்ததுதான். கிளினிக்கில் சோதித்து “அளவு நன்றாக இருக்கின்றது” என்று கேட்ட நோயாளி, “கரைந்துவிட்டது, இனி மாத்திரை எதற்கு?” என்று நிறுத்திவிடுகின்றார். அவர் அறிவிலி அல்லர். கற்ற வினைச்சொல்லின் இலக்கணப்படி சரியாகவே நடந்துகொள்கின்றார். ‘கட்டுக்குள் வைத்தல்’ என்று எழுதியிருந்தால், கட்டை அவிழ்த்தால் என்ன ஆகும் என்பது அவருக்கே விளங்கியிருக்கும்.

இதனால் இழக்கப்படுவது சிறிதன்று. ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் நடத்தப்பெற்று 1994ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், ஐந்தாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் வெற்று மாத்திரை பெற்றோருள் 256 பேர் இறந்தனர். சிம்வாஸ்டாட்டின் பெற்றோருள் 182 பேர் இறந்தனர். இரு பிரிவினரும் எண்ணிக்கையில் ஏறத்தாழச் சமமானவர்களே. அவ்வேறுபாடு நாள்தோறும் தவறாமல் மருந்து உட்கொண்டதால் வந்த பயன். சிலருக்குத் தசைவலி முதலிய இடர்கள் வருவதுண்டு; அவர்கள் மருத்துவரிடம் கூறி அளவையோ மருந்தையோ மாற்றிக்கொள்ளலாம். தாமே நிறுத்துதல் தகாது.

எளிய மக்களுக்கு எளிய சொல்லே வேண்டும். ‘கொலஸ்ட்ரால்’ தமிழன்று என்று தடை நிகழ்த்துவோர் உண்டு. அவர்தம் மொழிப்பற்று போற்றத்தக்கதே. ஆனால் எளிமை வேறு, பிழை வேறு. விட்டமினுக்கு ‘உயிர்ச்சத்து’ என்று பெயரிட்டோர், வேறு பொருளுக்குரிய பழஞ்சொல்லை எடுத்து அதன்மேல் ஏற்றவில்லை. புதிய பொருளுக்குப் புதிய சொல் ஆக்கினர். கொலஸ்ட்ராலுக்கும் அத்தகைய சொல் ஆக்கப்பெற்று வழக்கில் நிலைபெறும் வரை, மக்கள் நாவில் ஏற்கெனவே வழங்கும் ‘கொலஸ்ட்ரால்’ என்பதனையே ஆளுதல் தக்கது. கொழுப்பு கொழுப்பாகவே இருக்கட்டும்.

தோட்டப்புறங்களில் தாத்தா பாட்டியின் மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்பவர் பெரும்பாலும் பள்ளிக்குச் செல்லும் பேரப்பிள்ளையே. அப்பிள்ளைக்குச் சொற்பொருள் கற்பிப்பவர் தமிழாசிரியர். வகுப்பில் கருத்தறிதலுக்கு ஒரு நலவாழ்வுப் பகுதியைத் தெரிந்தெடுக்கும்போது, ‘கொழுப்பு’, ‘கரைதல்’ என்னும் இரு சொற்களையும் அடிக்கோடிட்டு, அவை அங்குப் பொருந்துமா என்று மாணவரை வினவலாம். அவ்வொரு வினா தேர்வுக்கும் உதவும். வீட்டுக்குச் சென்று, மேசைமேல் தொடப்படாமல் கிடக்கும் மாத்திரையை மீண்டும் எடுக்கவும் உதவும்.