இடிபாடும் சிற்பமும்

காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிவாசலில், 1990 ஆகஸ்ட் 3 இரவு விடுதலைப் புலிகளின் துப்பாக்கி ரவைகள் துளைத்த சுவர் பூசி மறைக்கப்படாமல் விடப்பட்டிருக்கிறது. அன்றிரவு இப்பள்ளியிலும் ஹுஸைனிய்யாப் பள்ளியிலும் தொழுதுகொண்டிருந்தோரில் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். சிலை நாட்டும் வழக்கமில்லாத ஊர் இது. அச்சுவரைச் சிற்பமென்று எவரும் சொல்வதில்லை. (முற்போக்குப் பேசும் தமிழ் எழுத்தாளரிற் பலர் அதனை நெடுங்காலம் ஏறிட்டும் பார்க்கவில்லை.) எனினும் உடைந்த கட்டடம் யாருக்கு நேர்ந்ததைச் சொல்கிறது என்று கேட்கும் பழக்கத்தை அது நமக்குத் தந்திருக்கிறது. அந்தக் கேள்வியுடனேயே சண்டிகரின் பாறைத் தோட்டத்தையும் நாம் அணுகுகிறோம்.

அதனைப் புகழ்வோர், குப்பையிலே கலை மலர்ந்தது என்று வியப்பதோடு நின்றுவிடுகின்றனர். எவருடைய குப்பை? தேசப் பிரிவினையின்பின் லே கோர்புசியேயின் திட்டப்படி புதிய தலைநகர் எழுவதற்காக உழவர் கிராமங்கள் பல தரைமட்டமாக்கப்பட்டன. அவ்விடிபாடுகளைப் பொறுக்கிச் சேர்த்தவர் நேக் சந்த்; தாமும் பிரிவினையில் ஊரிழந்து வந்தவர், பொதுப்பணித் துறையின் வீதிப் பரிசோதகர். 1950களின் இறுதியிலிருந்து, வேலை முடிந்த வேளைகளில், அரசாங்கக் காட்டு நிலத்தில் இரகசியமாக உழைத்தார். சைக்கிட் சட்டம் எலும்பாயிற்று, சீமெந்து தசையாயிற்று; உடைந்த பீங்கானும் வளையற் துண்டும் ஆடையாயின. அதிகாரிகள் கண்டுபிடித்தபோது இடித்துத் தள்ளவே எண்ணினர். மக்கள் திரண்டு வந்து பார்த்து ஆதரித்தமையால் 1976இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

தனித்து நோக்கினால் அவ்வுருவங்கள் செப்பமற்றவை. முகங்களும் ஏறக்குறைய ஒன்றே. வரிசை வரிசையாகத் திரண்டு நிற்கையிலோ, வெளியேற்றப்பட்ட ஊரொன்று தன் நிலத்தைக் கேட்டு வந்து நிற்பதுபோற் தோன்றுகின்றது. அவற்றின் முழு வலிமையும் அந்தத் திரளிலேதான் உள்ளது. பிற்காலத்தில் அரசு சம்பளமும் ஐம்பது தொழிலாளரும் தந்தபின் எழுந்த நீர்வீழ்ச்சிகளிலும் ஊஞ்சல் மண்டபங்களிலும் இவ்வலிமையை நாம் காணவில்லை. அவை உல்லாசப் பயணிக்கு இதமளிப்பவை, அவ்வளவே. வளையலைப் பார்த்து மகிழ்பவனுக்கு அதை அணிந்த கையின் நினைவு வருவதில்லை.

நேக் சந்த் 2015இல் மறைந்தார். 2025இல், அயலிலுள்ள உயர் நீதிமன்றத்துக்கு வீதியும் வாகனத் தரிப்பிடமும் விரிப்பதற்காகத் தோட்டத்துச் சுவரின் ஒரு பகுதியை நிர்வாகம் இடித்தது. நகரவாசிகள் கண்டித்துக் கூடினர்.