மையக்கருத்தும் வாசகரும்: கற்சிலைமடுக் கல்லும் ‘நிலக்கிளி’யும்

பந்தியொன்றைக் கொடுத்து அதன் மையக்கருத்து யாதென வினவுவது தமிழ்மொழிப் பாடத்தில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். கிரகித்தல் எனப்படும் இப்பயிற்சியில் மாணவர் பெரும்பாலும் முதல் வாக்கியத்தையோ இறுதி வாக்கியத்தையோ பெயர்த்தெழுதி அமைவர். இப்பழக்கம் பாடசாலையோடு முடிந்துவிடுவதில்லை. நாவலொன்றின் முன்னுரையையோ முடிவையோ கொண்டு அதன் பொருளைத் தீர்மானிக்கும் விமர்சனத்திலும் அதுவே தொழிற்படுகின்றது. வன்னிப் பெருநிலப்பரப்போடு தொடர்புடைய எழுத்துக்கள் இரண்டினை, ஒற்றை வாக்கியம் ஒன்றையும் நாவல் ஒன்றையும், எடுத்துக்கொண்டு மையக்கருத்தைக் காணும் முறைபற்றிச் சில கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முல்லைத்தீவு மாவட்டத்துக் கற்சிலைமடுவில் பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் நாட்டப்பட்ட நினைவுக்கல்லில் ஆங்கில வாக்கியம் ஒன்று பொறிக்கப்பட்டிருந்தது. 1803 ஒக்டோபர் 31 இல் கப்டன் வொன் டிறிபேக் பண்டாரவன்னியனை அவ்விடத்தருகே தோற்கடித்தான் என்பதே அதன் செய்தி. இலக்கண நோக்கில் டிறிபேக் எழுவாய், பண்டாரவன்னியன் செயப்படுபொருள். கல்லை நாட்டியோர் கருதிய மையக்கருத்தும் அதுவேயாதல் வேண்டும். ஆயின், வன்னி மக்கள் அதனை வாசித்த முறை வேறு. வென்றவனை நினைவுகூர நாட்டிய கல் தோற்றவனின் நினைவிடமாயிற்று. அதே ஆண்டு ஓகஸ்டில் முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயர் கோட்டையைப் பண்டாரவன்னியன் தாக்கிக் கைப்பற்றிய செய்தி கல்லில் இல்லை. அவ்விடுபாட்டை நிரப்பியே மக்கள் அக்கல்லை வாசித்தனர். எழுதப்பட்டதோடு எழுதாமல் விடப்பட்டதையும், யார் எழுதினார் என்பதையும் நோக்காது மையக்கருத்தை அறிதல் இயலாது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இதன்பொருட்டு வாசகனுக்கு எல்லையற்ற உரிமை உண்டு எனக் கொள்ளுதல் தவறாகும். அந்நாளே பண்டாரவன்னியன் உயிர்நீத்த நாள் எனக் கொள்வோரும் உளர். கல்லோ தோல்வியை மட்டுமே கூறுகின்றது, இறப்பைக் கூறவில்லை. வாசகனின் உணர்வு நியாயமானதாயினும், எழுத்தில் இல்லாத செய்திக்கு அவ்வுணர்வு சான்றாகமாட்டாது.

இனி நாவலுக்கு வருவோம். பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973 இல் வீரகேசரி பிரசுரமாக வெளிவந்தது. முல்லைத்தீவுப் பகுதியிலுள்ள தண்ணிமுறிப்பு என்னும் காட்டோரக் கிராமமே அதன் களம். இந்நாவலைப் பற்றிப் பேசுவோர் பலரும் முதலிற் கூறுவது அதன் மண்வாசனையையே. காடும் குளமும் வேட்டையும் வன்னிப் பேச்சுவழக்கும் அதில் உயிர்த்துடிப்புடன் அமைந்துள்ளன என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை நாவலின் மையக்கருத்தாகுமா?

தொல்காப்பியர் முதல், கரு, உரி என மூன்றனைக் கூறி, அவற்றுள் ஒன்றினொன்று சிறந்தது என முறைப்படுத்துவார். நிலமும் பொழுதும் முதல். விலங்கும் பறவையும் தொழிலும் கரு. மாந்தரின் ஒழுக்கமே உரி. செய்யுளுக்குக் கூறப்பட்ட இவ்வரன்முறை வாசிப்புக்கும் நல்லதொரு வழியாகும். மண்வாசனையோடு நின்றுவிடும் விமர்சனம் முதலையும் கருவையும் கண்டு உரிப்பொருளைக் காணாது திரும்பிவிடுகின்றது.

முற்போக்கு விமர்சகராகிய நம்மிடையே காணப்படும் குறை இதற்கு மறுதலையானது. தந்தை கோணாமலையரின் விருப்பத்துக்கு மாறாகக் கதிராமன் பதஞ்சலியைத் துணையாகக் கொள்கின்றான். காட்டை வெட்டித் தனக்கென நிலம் ஆக்க முனைகின்றான். இப்பகுதியைக் கண்டதும், நிலவுடைமைக்கும் உழைப்புக்கும் இடையிலான முரண்பாடே மையக்கருத்து எனத் தீர்ப்பளிக்க மனம் விரைகின்றது. அம்முரண்பாடு நாவலில் உண்மையாகவே உள்ளது. எனினும், அதுவே மையமாயின், ஆசிரியராகக் கிராமத்துக்கு வரும் சுந்தரலிங்கத்துக்கு நாவலில் இடமென்ன? தலைப்பு பறவையொன்றின் பெயராக அமைந்தது ஏன்? மையக்கருத்து எனக் கொள்ளப்படுவது படைப்பின் முக்கிய உறுப்புக்கள் அனைத்துக்கும் விளக்கம் தருதல் வேண்டும். விளக்கப்படாது எஞ்சுவது பெரிதாயின், பிழை படைப்பினது அன்று, நமது முடிபினதேயாம்.

நிலக்கிளி உயரப் பறவாது நிலத்தை அண்டி வாழும் பறவை. பதஞ்சலியும் தனது சூழலுக்குள் குறைவற்றவள். அச்சூழலுக்கு வெளியேயிருந்து வரும் உறவின்முன் அவளது களங்கமின்மையே அவளைக் காப்பற்றவளாக்குகின்றது. இவ்வாறு வாசிக்கையில் தலைப்பும், காட்டு வாழ்வும், கதிராமனின் உழைப்பும், சுந்தரலிங்கத்தின் வருகையும் ஒன்றோடொன்று இயைபு பெறுகின்றன. சமூக முரண்பாடும் மறைந்துவிடவில்லை. கிராமத்துக்கும் வெளியுலகுக்கும் இடையிலான சமமின்மை என்னும் விரிந்த வடிவத்தில் அது புலனாகின்றது.

இது நாவலொன்றைப் பற்றிய வழக்கு மட்டுமன்று. 2009 இன் பின்னர் வன்னியைப் பற்றி எழுந்த எழுத்துக்களை ‘அவலம்’ என்னும் ஒரு சொல்லுள் அடக்கிவிடும் வாசிப்பும் பந்தியின் முதல் வாக்கியத்தைப் பெயர்த்தெழுதும் மாணவனின் செயலையே ஒத்தது. அவலம் அங்கு உண்டு. ஆயின், அதனை யார் கூறுகின்றார், எதனை இழந்ததாகக் கூறுகின்றார், எதனைக் கூறாது விடுகின்றார் என்ற வினாக்களைத் தொடுக்காதவரை அவ்வெழுத்துக்கள் நமக்கு வாசிக்கப்படாதனவே. மையக்கருத்தை முன்கூட்டியே கையிற்கொண்டு நூலினுள் நுழைதலைத் தவிர்த்து, நூலின் உறுப்புக்களால் அதனைத் திரும்பத் திரும்பச் சோதித்தறியும் பயிற்சியை நமது பாடசாலைகளும் விமர்சன அரங்குகளும் மேற்கொள்ளுதல் அவசியமாகும்.