கருக்கு: ஏழ்மையும் விசுவாசமும்

கருக்கு (1992) பாமா எழுதிய தன்வரலாற்றுப் புதினம். தமிழ் தலித் இலக்கியத்தின் முன்னோடி ஆக்கங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. சாதி ஒடுக்குமுறையைப் பேசும் நூலாகவே பெரும்பாலும் வாசிக்கப்பட்டாலும், மனிதருக்கு மதிப்பு எதனால் வருகிறது, பணத்தாலா விசுவாசத்தாலா என்ற கேள்வியும் இதில் தொடக்கம் முதல் இறுதிவரை ஓடுகிறது.

பின்னணி

பாமா 1958-இல் விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியில் தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். ஆய்வாளர் ராஜ் கௌதமன் இவருடைய அண்ணன். ஆசிரியராகப் பணியாற்றிய பின் துறவற சபை ஒன்றில் சேர்ந்து, ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு வெளியேறினார். அதன்பின் எழுதிய கருக்கை மதுரையிலுள்ள சமுதாய சிந்தனை செயல் ஆய்வு மையம் வெளியிட்டது. இயேசு சபையினரின் நிறுவனம் அது. திருச்சபையை இவ்வளவு கடுமையாக விமர்சித்த நூல் திருச்சபையின் ஒரு பகுதியிலிருந்தே வெளிவந்தது என்பது கவனிக்கத்தக்கது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு கிராஸ்வேர்ட் விருது பெற்றது.

இருபுறமும் அறுக்கும் பனைமட்டையின் விளிம்பே கருக்கு. கடவுளின் சொல்லை இருபுறமும் கூரான வாளுக்கு ஒப்பிடும் எபிரேயர் நிருபத்தின் பகுதியைப் பாமா முன்னுரையில் நினைவூட்டுகிறார். நூலின் விமர்சனத்துக்கான அளவுகோல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதை இதுவே காட்டிவிடுகிறது.

துறப்பதற்கு என்ன இருக்கிறது?

செல்வத்தைத் துறந்து கடவுளிடம் நிறைவு காண்பது தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் பழகிய பொருள். ஜான் பனியனின் கதையைத் தழுவி எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் (1894) அதன் பெருங்காப்பிய வடிவம். உலகின் மாயச் சந்தையைப் புறக்கணித்து மேலே செல்லும் பயணியே அங்கு நாயகன். சந்தையில் வாங்கும் வசதி உள்ளவன் வாங்காமல் நடப்பதில் ஒரு பெருமை உண்டு. அந்தச் சந்தைக்குள் நுழையவே விடப்படாதவர் எதைத் துறப்பது? கருக்கு இந்த இடத்திலிருந்து தொடங்குகிறது.

பாமாவின் ஊரில் தபால் நிலையம், பஞ்சாயத்து அலுவலகம், பெரிய கடைகள், பள்ளிக்கூடம் எல்லாம் மேல்சாதித் தெருக்களில் இருக்கின்றன. கோவிலும் அங்கேதான். நாயக்கர் வீட்டில் வேலை செய்யும் பாட்டி, அங்கு தரப்படும் மிச்சச் சோற்றை நன்றியோடு வாங்கி வருகிறார். தங்களுக்குப் படியளப்பவர்கள் அவர்களே என நம்புகிறார். படித்து முன்னேறினால்தான் இந்த இழிவு நீங்கும் என்று அண்ணன் சொல்கிறார். மதிப்பைப் பற்றிய முதல் பாடம் இவ்வாறு பைபிளிலிருந்து வரவில்லை, அண்ணனிடமிருந்து வருகிறது.

பாமா படிக்கிறார், ஆசிரியராகிறார், சம்பளம் வாங்குகிறார். கையில் காசு இருந்தால் மரியாதை தானாக வருவதை அவர் அனுபவத்தில் அறிகிறார். அதை மறைக்கவும் இல்லை. ஏழைக் குழந்தைகளுக்கு உழைக்கலாம் என்ற நம்பிக்கையில் அந்த வேலையை விட்டுவிட்டு மடத்தில் சேர்கிறார். ஆகவே அவருடைய துறவு உண்மையான துறவு. தலைமுறைகளுக்குப் பின் கைக்கு வந்த ஒன்றை அவர் இழக்கச் சம்மதிக்கிறார்.

மடத்தின் ஏழ்மை

மடத்தில் ஏழ்மை ஒரு வார்த்தைப்பாடு. ஆனால் வேளாவேளைக்கு வகைவகையான உணவும் வசதியும் அங்கு இருக்கின்றன. சபை நடத்தும் பள்ளியில் படிப்பவர்கள் வசதியான வீட்டுப் பிள்ளைகள். கூட்டுவதும் கழுவுவதும் தலித்துகளின் வேலை. பாமாவின் சொந்த ஊரில் ஏழ்மை என்பது பசி. மடத்திலோ அது ஒரு சொல் மட்டுமே. வசதியைக் கைவிடாமலேயே துறவின் பெருமையும் கிடைத்துவிடுகிறது.

செல்வத்தில் மதிப்பு இல்லை என்ற போதனை, யார் யாருக்குச் சொல்கிறார் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது. வயிறு நிறைந்தவர் பசித்தவருக்குச் சொன்னால் அது அடங்கிப்போகச் சொல்லும் அறிவுரை. பணிவு, பொறுமை, கீழ்ப்படிதல் ஆகியவை தலித் விசுவாசிகளுக்குத் திரும்பத் திரும்பப் போதிக்கப்பட்டதையும், இயேசுவின் நீதியுணர்வும் கோபமும் சொல்லப்படாமல் விடப்பட்டதையும் பாமா எடுத்துக்காட்டுகிறார். ஆனாலும் அவர் அந்தப் போதனையைத் தூக்கி எறியவில்லை. தாமும் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர்களே என்பதைத் தலித்துகள் உணரத் தொடங்கிவிட்டனர் என்கிறார். மதிப்பு பணத்தால் வருவதல்ல என்ற அதே நம்பிக்கை, பசித்தவர் கையில் உரிமைக் குரலாகிறது.

வெளியேறிய பின்

மடத்தைவிட்டு வெளியே வந்த பாமாவிடம் வேலை இல்லை, பணம் இல்லை. துறவி இல்லை என்றானதும் முன்பிருந்த மரியாதையும் இல்லை. விசுவாசத்தில் மதிப்பைக் கண்டடைந்தவரின் சாட்சியங்கள் பொதுவாக நிம்மதியில் முடியும். கருக்கு அப்படி முடியவில்லை. சாயல் பற்றிய நம்பிக்கை வாடகை கொடுக்காது என்பதை நூல் ஒப்புக்கொள்கிறது. பொய்யான வசதியைவிட உண்மையான நெருக்கடி மேல் என்ற தெளிவு மட்டுமே மிஞ்சுகிறது. இந்த நேர்மையே நூலின் பெரும் பலம்.

மதிப்பீடு

ஊரைப் பற்றிய பகுதிகளில் பேச்சுமொழி, விளையாட்டு, வேலை, கேலி எல்லாம் உயிரோடு வருகின்றன. மடத்தைப் பற்றிய பகுதிகளில் அந்த நுட்பம் குறைகிறது. கன்னியர்கள் தனித்தனி மனிதர்களாக உருப்பெறுவதில்லை. காட்சிகளுக்குப் பதில் வாதங்கள் வருகின்றன, சில வாதங்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. அங்கும் தன்னைப் போலத் தவித்த ஒருவரையேனும் பாமா முழுமையாகக் காட்டியிருந்தால், நிறுவனத்தின் மீதான விமர்சனம் மேலும் ஆழம் பெற்றிருக்கும்.

எனினும் தமிழ்க் கிறித்தவ எழுத்தில் கருக்கின் இடம் தனியானது. செல்வத்தைவிட விசுவாசம் பெரிது என்று சொல்லும் ஒருவர் முதலில் எதை இழந்திருக்கிறார் என்று இது கேட்கிறது. அக்கேள்விக்குத் தன் வாழ்க்கையையே பதிலாக வைத்தவர் கேட்பதால் அதைத் தட்டிக்கழிக்க முடிவதில்லை.